இடைநிலை ஜெர்மன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடிப்படை முடித்தவர்கள் கூடி ஜெர்மன் பேசிப் பழகும் சிறு குழு ஒன்றை நடத்துகிறேன். ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். ஜெர்மன் சொற்கள் காதில் விழுகிற மாதிரி தமிழ் எழுத்தில் இருக்கின்றன. சரியான எழுத்துக்கூட்டல் வேண்டுமென்றால் டூடன் அகராதியை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

இடைநிலைன்னா எது? நான் அதுல இருக்கேனான்னு எப்படித் தெரியும்?

ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உண்டு. நடுவில் உள்ள பி1, பி2 இரண்டும்தான் இடைநிலை. பி1 என்றால் பழகிய விஷயங்களில் உங்கள் காரியத்தை நீங்களே பேசி முடித்துக்கொள்வீர்கள். பி2 என்றால் ஒரு கருத்தைச் சொல்லி, அதற்குக் காரணம் காட்டி, மறுத்துப் பேசுகிறவருக்குப் பதிலும் சொல்வீர்கள்.

பி1-க்கு 45 நிமிட வகுப்புகள் 350 முதல் 650 வரை, பி2-க்கு 600 முதல் 800 வரை தேவைப்படும் என்று ஜெர்மன் வகுப்பும் தேர்வும் நடத்தும் கோத்தே நிறுவனம் கணக்குச் சொல்கிறது. ஒவ்வொன்றிலும் சிறிய எண்ணுக்கும் பெரிய எண்ணுக்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். "என் தோழி ஆறு மாசத்துல முடிச்சிட்டா" என்பதெல்லாம் உங்களுக்கு அளவுகோல் ஆகாது.

இன்னும் டேர், டீ, டஸ் தப்பாவே வருது. ஒவ்வொண்ணா மனப்பாடம் பண்ணணுமா?

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து பாலைக் காட்டும் சொற்கள் இவை: டேர் ஆண்பால், டீ பெண்பால், டஸ் அஃறிணை. பாதியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சொல்லின் வாலைப் பாருங்கள். உங், ஹைட், கைட், ஷாஃப்ட், டேட், இயோன் என்று முடிந்தால் 'டீ'. ஷென், லைன் என்று சிறுமைப் பொருளில் முடிந்தால் 'டஸ்'. லிங், இஸ்முஸ் என்று முடிந்தால் 'டேர்'. கூட்டுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கடைசிச் சொல்லின் பால்தான் முழுச் சொல்லுக்கும்.

மிச்சத்தை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். தமிழில் பால் பொருளை வைத்து வருகிறது. ஜெர்மனில் அப்படி எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' அஃறிணைபோல் 'டஸ்' எடுப்பதற்குக் காரணம் அந்த 'ஷென்' வால்தான், சிறுமி அல்ல. 'ஸே' என்ற சொல் 'டேர்' போட்டால் ஏரி, 'டீ' போட்டால் கடல். பேசும்போது மட்டும் இதற்காக நிற்காதீர்கள். தப்பான பாலோடு முடிந்த வாக்கியம், சரியான பாலைத் தேடி நடுவில் நின்றுபோன வாக்கியத்தைவிட நல்லது.

பி1 பாஸ் பண்ணிட்டேன். ஆனா ஜெர்மன்காரங்க பேசினா ஒண்ணும் புரியலையே, ஏன்?

நீங்கள் கேட்டுப் பழகியது பாடப்புத்தக ஒலிப்பதிவு. தெருவில் யாரும் முழுச் சொல்லையும் சொல்வதில்லை. 'ஹாபென் வீர்' என்பது 'ஹாம் வீர்' ஆகிறது, 'ஹஸ்ட் டூ' என்பது 'ஹஸ்டெ', 'இஸ்ட்' என்பது வெறும் 'இஸ்', 'ஐனென்' என்பது 'நென்'. நாம் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பதை 'வந்துட்டிருக்கேன்' என்று சொல்வதைப் போலத்தான். இந்தச் சுருக்கங்களைக் கேட்கும்போதெல்லாம் தனியாகக் குறித்து வையுங்கள். பட்டியல் சின்னதுதான், பலன் பெரிசு.

பயிற்சிக்கு டாய்ச்ச வெல்லெ என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் மெதுவாக வாசித்துத் தரும் செய்திகள் நல்ல தொடக்கம். எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும். ஆனால் அதிலேயே குடியிருந்துவிடாதீர்கள். மெதுவான ஜெர்மனுக்கு மட்டும் பழகிய காது இயல்பான வேகத்தில் திரும்பவும் தடுமாறும். ஒரே உரையாடலின் இரண்டு நிமிடத்தை எடுத்து, எழுத்து வடிவத்தோடு ஒவ்வொரு சொல்லும் பிடிபடும்வரை கேட்பது, ஒரு மணி நேரம் பின்னணியில் ஓடவிடுவதைவிடப் பலமடங்கு மேல். பின்னணியில் ஓடுவதற்குப் பெயர் சத்தம்.

என் உச்சரிப்புல 'க'வும் 'க'வும் ஒண்ணாக் கேக்குதுன்னு டீச்சர் சொல்றாங்க. என்ன பண்றது?

தோட்டம், அட்டைகள் ஆகிய இரண்டுக்குமான ஜெர்மன் சொற்களைத் தமிழில் எழுதினால் 'கர்டென்' என்றுதான் எழுத வேண்டும். நம் எழுத்தில் வல்லின ஒலிக்கும் அதன் அதிர்வுள்ள இணைக்கும் ஒரே எழுத்து. ஜெர்மனில் அந்த ஒரு வேறுபாடே பொருளை மாற்றிவிடும். தொண்டையில் விரலை வைத்து, அதிர்கிறதா இல்லையா என்று பார்த்துப் பழகுங்கள். சொல்லின் கடைசியில் மட்டும் இந்தக் கவலை வேண்டாம். அங்கே ஜெர்மன்காரர்களே அதிர்வை விட்டுவிடுகிறார்கள். சக்கரத்துக்கான சொல்லும் அறிவுரைக்கான சொல்லும் வேறு வேறு எழுத்தில் முடிந்தாலும் இரண்டும் 'ராட்' என்றுதான் ஒலிக்கும்.

குறில், நெடிலில் நமக்கு லாபம். 'ஷ்டட்' நகரம், 'ஷ்டாட்' அரசு. 'ஒஃபென்' திறந்த, 'ஓஃபென்' அடுப்பு. மற்ற மொழிக்காரர்கள் மாதக்கணக்கில் திணறும் இந்த வேறுபாடு நம் வாயில் பிறவியிலேயே இருக்கிறது. ஆங்கில உச்சரிப்பைக் கொண்டுவந்து அதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

அக்குசாட்டிவா டாட்டிவான்னு ஒவ்வொரு தடவையும் குழப்பம். எளிய வழி இருக்கா?

இருக்கிறது: ஆங்கிலத்தை நடுவில் இழுக்காதீர்கள். ஆங்கிலத்தில் வேற்றுமை உருபு தேய்ந்துபோய்விட்டது. தமிழில் முழுசாக இருக்கிறது. அக்குசாட்டிவ் நம் 'ஐ' வேற்றுமை மாதிரி, டாட்டிவ் நம் 'கு' வேற்றுமை மாதிரி. 'மியர் இஸ்ட் கல்ட்' என்பது சொல்லுக்குச் சொல் 'எனக்குக் குளிருது'. 'எஸ் கெஃபெல்ட் மியர்' என்பது 'எனக்குப் பிடிச்சிருக்கு'. உதவு, நன்றி சொல், சொந்தமாக இரு, ருசியாக இரு என்று டாட்டிவ் கேட்கும் வினைகளில் பலவற்றுக்குத் தமிழிலும் 'கு'தான் வரும். ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள் 'நான்' என்று தொடங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. அவற்றை மட்டும் தனியாகப் படியுங்கள். அவருக்கு போன் செய்தேன் என்கிறோம், ஜெர்மனில் 'அன்ரூஃபென்' அக்குசாட்டிவ். அவரை நம்புகிறேன் என்கிறோம், 'க்லௌபென்' டாட்டிவ். அவரைப் பின்தொடர்ந்தேன் என்கிறோம், 'ஃபொல்கென்' டாட்டிவ். அவரிடம் கேட்டேன் என்கிறோம், 'ஃப்ராகென்' அக்குசாட்டிவ். இன்னொன்று: வேற்றுமை எண்களை ஒப்பிடாதீர்கள். ஜெர்மன் பள்ளி இலக்கணத்தில் நான்காவது அக்குசாட்டிவ், நமக்கு நான்காவது 'கு'.

அப்போ 'இன் டீ ஷூலெ', 'இன் டேர் ஷூலெ' ரெண்டும் எப்போ எப்போ?

பள்ளிக்கு, பள்ளியில். அவ்வளவுதான் வித்தியாசம். அன், அவுஃப், ஹின்டர், இன், நேபென், ஊபர், உன்டர், ஃபோர், ட்ஸ்விஷென் என்ற ஒன்பது முன்னிடைச் சொற்களுக்கு மட்டும் இது பொருந்தும். இடம் மாறிப் போனால் அக்குசாட்டிவ், இருந்த இடத்தில் நடந்தால் டாட்டிவ். பூங்காவுக்குள் ஓடினால் அக்குசாட்டிவ். பூங்காவிலேயே சுற்றிச் சுற்றி ஓடினால், எவ்வளவு வேகமாக ஓடினாலும் டாட்டிவ்.

பொறி ஒன்று உண்டு. முந்தின பதிலைப் படித்துவிட்டு "பள்ளிக்கு என்பதில் 'கு' இருக்கிறதே, அப்போ டாட்டிவ்தானே" என்று கேட்பார்கள். இல்லை. 'எனக்கு' என்பதில் உள்ள 'கு' வேறு வேலை செய்கிறது, போகும் இடத்தைக் காட்டும் 'கு' வேறு.

உரிச்சொல் விகுதி அட்டவணையைப் பார்த்தாலே தலை சுத்துது. மனப்பாடம் பண்ணித்தான் ஆகணுமா?

வேண்டாம். பெயரைச் சிறப்பிக்கும் சொல்லின் வாலில் வரும் இந்த விகுதிக்குப் பின்னால் ஒரே யோசனைதான் இருக்கிறது. பால், வேற்றுமை இரண்டையும் காட்டும் அடையாளம் ஓர் இடத்திலாவது வர வேண்டும். 'டேர் நொயெ வாகென்' என்பதில் 'டேர்' அதைக் காட்டிவிட்டது, ஆகவே உரிச்சொல் ஓய்வெடுக்கிறது. 'ஐன் நொயர் வாகென்' என்பதில் 'ஐன்' எதையும் காட்டவில்லை, அதனால் அந்த 'ர்' ஒலி உரிச்சொல்லுக்குத் தாவுகிறது. 'டஸ் நொயெ அவுட்டோ', 'ஐன் நொயெஸ் அவுட்டோ' என்பதும் அதே கதை. 'மிட் டேம் கல்டென் வஸர்' என்பதில் 'ம்' வந்துவிட்டது. 'டேம்' இல்லாமல் சொன்னால் 'மிட் கல்டெம் வஸர்'.

ஓய்வெடுக்கும் உரிச்சொல்லுக்கு இரண்டே வால். நோமினாட்டிவ் (எழுவாய்) ஒருமையிலும், அதே வடிவில் நிற்கும் அக்குசாட்டிவ் ஒருமையிலும் 'எ'. மற்ற எல்லா இடத்திலும் 'என்'. முன்னால் எதுவும் இல்லாத ஆண்பால், அஃறிணை கெனிட்டிவ் ('உடைய' வேற்றுமை) மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காமல் 'என்' எடுக்கும், ஆனால் அது பேச்சில் வருவதே அபூர்வம். சந்தேகம் என்றால் 'என்' என்று சொல்லுங்கள். பெரும்பாலும் தப்பிப்பீர்கள்.

பேசும்போது பெர்ஃபெக்டா, ப்ரேட்டெரிட்டுமா?

இரண்டும் இறந்தகால வடிவங்கள். பேச்சில் பெர்ஃபெக்ட், கதையிலும் செய்தியிலும் ப்ரேட்டெரிட்டும். ஆனால் இரு, வைத்திரு, முடியும், வேண்டும் போன்ற வினைகள் பேச்சிலும் 'வார்', 'ஹட்டெ', 'கொன்டெ', 'முஸ்டெ' என்று ப்ரேட்டெரிட்டும் வடிவிலேயே வரும். தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து பக்கம் போனால் பேச்சில் ஏறக்குறைய எல்லாமே பெர்ஃபெக்ட்தான்.

இங்கேயும் ஆங்கிலம்தான் காலை வாருகிறது. பெர்ஃபெக்டைப் பார்த்ததும் 'வந்திருக்கிறேன்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சாதாரணமாக 'வந்தேன்' என்றாலும் அதுதான், 'நேற்று' என்ற சொல்லோடும் தாராளமாக வரும். அதேபோல "இரண்டு வருஷமா ஜெர்மன் படிக்கிறேன்" என்பதற்கு ஜெர்மனிலும் 'ஸைட்' போட்டு நிகழ்காலம்தான். தமிழில் யோசித்தால் தானாகவே சரியாக வரும்.

வைல், ஒப்வோல் வந்தா வினை கடைசிக்குப் போகுதே, பேசும்போது எப்படி ஞாபகம் வெச்சுக்கறது?

வினையைக் கடைசியில் வைப்பது நமக்குப் புதுசா என்ன? 'வைல் இஷ் ஹொய்டெ கைனெ ட்ஸைட் ஹாபெ' என்பதில் 'ஹாபெ' கடைசியில் வருகிறது, 'எனக்கு இன்று நேரம் இல்லாததால்' என்பதில் 'இல்லாததால்' வருவது போல. உண்மையில் நமக்குச் சிரமம் தர வேண்டியது, வினை இரண்டாம் இடத்தில் உட்காரும் முதன்மை வாக்கியம்தான். அதில் நாம் தடுமாறாததற்குக் காரணம் ஏ1-இலிருந்து அதை மட்டுமே பழகியது.

கவனம் வேண்டிய இடம் வேறு. கிளை வாக்கியம் முதலில் வந்தால், அது முடிந்த கையோடு முதன்மை வினை வர வேண்டும்: 'வைல் எஸ் ரேக்னெட், ப்லைபெ இஷ்'. மற்றபடி 'டென்' (ஏனென்றால்) வாக்கிய அமைப்பைத் தொடாது, 'டெஸ்ஹல்ப்' (அதனால்), 'ட்ரோட்ஸ்டேம்' (இருந்தாலும்) இரண்டும் வினையைத் தங்களுக்கு அடுத்தே இழுத்துக்கொள்ளும். 'வைல்' போட்டுவிட்டு வினையை இரண்டாம் இடத்தில் சொல்லும் ஜெர்மன்காரர்கள் நிறைய. கேட்டுக்கொள்ளுங்கள், தேர்வில் எழுதாதீர்கள்.

முன்னொட்டு எப்போ பிரியும், எப்போ பிரியாது?

பெ, கெ, ஏர், ஃபெர், ட்ஸேர், என்ட், எம்ப், மிஸ் பிரியவே பிரியாது. அன், அவுஃப், அவுஸ், அப், ஐன், மிட் எப்போதும் பிரியும். உம், ஊபர், உன்டர், டுர்ஷ், வீடர் போன்ற சில இரண்டு விதமாகவும் வரும். அழுத்தம் முன்னொட்டில் விழுந்தால் பிரியும், வினையில் விழுந்தால் பிரியாது. இதை அலட்சியம் செய்யாதீர்கள். 'உம்ஃபாரென்' என்பதில் 'உம்'மை அழுத்தினால் ஒருவர்மேல் வண்டியை ஏற்றி வீழ்த்துவது, 'ஃபா'வை அழுத்தினால் அவரைச் சுற்றி ஒதுங்கிப் போவது.

வார்டென் கூட அவுஃப், டென்கென் கூட அன்... இதுக்கு ஏதாவது தர்க்கம் இருக்கா?

நம்பி ஓட்டும்படி எதுவும் இல்லை. வினை, முன்னிடைச்சொல், வேற்றுமை மூன்றையும் ஒரே சொல்லாக நினைத்துப் படிப்பது ஒன்றே வழி. 'வார்டென் அவுஃப்' (காத்திரு) அக்குசாட்டிவ், 'அங்ஸ்ட் ஃபோர்' (பயம்) டாட்டிவ். மேலே சொன்ன போகிறதா, இருக்கிறதா என்ற சோதனையை இங்கே போட்டுப் பார்க்காதீர்கள், வேலை செய்யாது. ஒரே வினை இரண்டை எடுத்துப் பொருள் மாறுவதும் உண்டு. 'ஃப்ராயென்' என்பதோடு 'அவுஃப்' வந்தால் வரப்போவதை நினைத்து மகிழ்வது, 'ஊபர்' வந்தால் கிடைத்ததற்கு மகிழ்வது.

எதற்கு, யாருக்கு என்ற வேறுபாடும் இதில் சேரும். பொருளுக்காகக் காத்திருந்தால் 'வோரவுஃப்', ஆளுக்காக என்றால் 'அவுஃப் வேன்'.

தினம் எத்தனை வார்த்தை படிக்கணும்?

கோத்தே நிறுவனத்தின் பி1 பட்டியலில் சுமார் 2,400 சொற்கள் இருக்கின்றன. அதைத் தாண்டிய பிறகு எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். 'என்ட்ஷைடுங்' என்றால் முடிவு என்று தெரிந்து பயனில்லை, அதோடு 'ட்ரெஃபென்' சேரும் என்று தெரிய வேண்டும். பி2-இல் மதிப்பெண் போவது பெரும்பாலும் சொல் தெரியாமல் அல்ல, ஜோடி தெரியாமல்.

எந்தத் தேர்வு எழுதறது நல்லது?

கேட்கும் இடம் எதை ஏற்கிறது என்று முதலில் பாருங்கள். ஜெர்மன் குடியுரிமைக்கு பி1 போதும், பல்கலைக்கழகத்துக்கு டெஸ்ட்டாஃப் போன்ற தேர்வு வேண்டியிருக்கும். எது வேண்டுமானாலும் சரி என்றால் நான் கோத்தே தேர்வைச் சொல்வேன். படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனிப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி, 60 எடுத்தால் தேர்ச்சி. ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, ஆனால் வாங்கிக்கொள்ளும் அலுவலகம் இரண்டு வருடத்துக்குள் எடுத்ததைக் கேட்கக்கூடும்.

பி1 பேச்சுத் தேர்வு சுமார் 15 நிமிடம், பொதுவாக இருவராகச் சேர்ந்து. முதல் பகுதியில் இருவரும் ஏதாவது ஒன்றைத் திட்டமிட வேண்டும். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்காமல் எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்லுங்கள். பலர் கோட்டை விடும் இடம் இது.

டொஹ், மால், ஹல்ட், யா... இதுக்கெல்லாம் அகராதியில அர்த்தமே சரியா இல்லையே?

இருக்காது. 'தானே', 'ஏ' போன்றவற்றுக்கு நீங்கள் என்ன அர்த்தம் எழுதுவீர்கள்? 'டஸ் வைஸ்ட் டூ டொஹ்' என்றால் 'உனக்குத்தான் தெரியுமே'. 'எஸ் ரேக்னெட் யா' என்றால் 'அட, மழை பெய்யுதே'. 'கொம் மால் ஹேர்' என்றால் 'கொஞ்சம் இங்கே வா'. 'டஸ் இஸ்ட் ஹல்ட் ஸோ' என்றால் 'அது அப்படித்தான்'. ஆங்கிலத்தில் இதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுத வேண்டும், தமிழில் ஓர் எழுத்து போதும். 'டொஹ்' தனியாகவும் வரும். "வரலையா?" என்று எதிர்மறையில் கேட்டவருக்கு "இல்ல, வரேன்" என்று சொல்ல அந்த ஒரு சொல் போதும். அங்கே 'யா' சொன்னால் கேட்டவர் குழம்புவார்.

ஜன்னல் 'விர்ட் கெஷ்லொஸென்', 'இஸ்ட் கெஷ்லொஸென்', ரெண்டும் செயப்பாட்டுவினைதானே?

முதலாவது 'மூடப்படுகிறது', இரண்டாவது 'மூடியிருக்கிறது'. ஒன்றில் யாரோ மூடிக்கொண்டிருக்கிறார்கள், மற்றதில் மூடிய நிலை மட்டும். நாம் பேச்சில் 'படு' சேர்ப்பது குறைவு என்பதால் 'விர்ட்' நமக்குச் செயற்கையாகத் தெரியும். ஜெர்மனில் அப்படி இல்லை, பேச்சிலும் சர்வசாதாரணம்.

பி2 பாடத்துல பெயருக்கு முன்னாடி அரை வாக்கியமே வருதே, அதை எப்படிப் படிக்கிறது?

வகுப்பில் எல்லோரும் பயப்படும் இந்த அமைப்பு நமக்குத் தாய்வீடு. 'டேர் கெஸ்டர்ன் அன்கெகொமெனெ ட்ஸூக்' என்பதை அப்படியே வரிசையாகப் படியுங்கள்: நேற்று வந்து சேர்ந்த ரயில். நம் பெயரெச்சம்தான். எவ்வளவு நீண்டாலும் 'டேர்' தொடங்கி அதன் பெயர்ச்சொல் வரை ஒரு அடைப்புக்குறி போட்டு, உள்ளே இருப்பதைத் தமிழ் வரிசையில் படித்தால் தீர்ந்தது. உரிச்சொல் வால் என்ன என்று கேட்டால், மேலே சொன்ன ஓய்வுக் கணக்குதான். எழுத்தில் மட்டும் பயன்படுத்துங்கள், பேச்சில் சொன்னால் அரசு அறிக்கை வாசிப்பதுபோல் இருக்கும்.

செய்தியில 'ஏர் ஸை க்ராங்க்'ன்னு வருது. 'இஸ்ட்' ஏன் இல்லை?

அது கோன்யுங்க்டிவ் ஒன்று. 'அவருக்கு உடம்பு சரியில்லையாம்' என்பதில் உள்ள 'ஆம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். சொன்னது வேறொருவர், நான் பொறுப்பல்ல என்று செய்தியாளர் ஒதுங்கிக்கொள்கிறார். ஒரு வேறுபாடு: நம் 'ஆம்' சில சமயம் சந்தேகத்தையோ கிண்டலையோ காட்டும், ஜெர்மன் வடிவம் நடுநிலையானது. இந்த வடிவம் சாதாரண நிகழ்காலத்தைப் போலவே ஒலித்தால் 'ஹெட்டென்' போன்ற கோன்யுங்க்டிவ் இரண்டின் வடிவத்தைக் கடன் வாங்குவார்கள். பி2-இல் படித்துப் புரிந்தால் போதும், எழுதும் கவலையை சி1-க்கு ஒத்திப்போடலாம்.

ஆஸ்திரியாவுக்கோ சுவிஸுக்கோ போகணும்னா வேற ஜெர்மன் படிக்கணுமா?

எழுத்து ஜெர்மன் ஏறக்குறைய ஒன்றுதான். ஆஸ்திரியாவில் ஜனவரி 'யென்னர்' ஆகும், 'உட்கார்ந்திருந்தேன்' என்பதற்கு 'ஹாபெ' போடாமல் 'பின்' போடுவார்கள். இரண்டும் அங்கே சரியானவையே. சுவிட்சர்லாந்தில் அலுவலகக் கடிதமும் செய்தித்தாளும் உங்களுக்குப் புரியும், ஆனால் மக்கள் தங்களுக்குள் பேசும் சுவிஸ் ஜெர்மன் வேறு. அதற்குத் தனியாகக் காது பழக வேண்டும், அங்கே போன பிறகு பழகினால் போதும். எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே. எஸ்-செட் (ß) எழுத்தை அவர்கள் பயன்படுத்துவதில்லை, அந்த இடத்தில் இரண்டு 'எஸ்' போடுங்கள்.